மனமுவந்த ஏலம்

தேவராசாவின் வீட்டை விற்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. விற்று முடித்த வீட்டை இன்னொரு தடவை விற்க வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

டென்மார்க்கின் வைலே நகரத்தில், குடாவைப் பார்த்தபடி இறங்கும் சரிவில், ஒரே அச்சில் வார்த்தது போன்ற செங்கல் வீடுகள் வரிசையாக உண்டு. மேலே மூன்று அறை. கீழே, தனி வாசலுடன், நிலத்துக்குள் பாதி புதைந்த ஒரு தளம். அவற்றில் ஒன்றைத் தேவராசா வாங்கியபோது பிரெடெரிசியாவில் அவர் வேலை பார்த்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு தொழிற்சாலை போலந்துக்குப் போனது. தேவராசா போகவில்லை. அதே வருடம் வட்டி ஏறியது, வீட்டு விலை இறங்கியது. முதியோர் இல்லத்தில் அவர் மனைவி கமலாதேவி இரட்டை முறை வேலை செய்தும் கடன் வீட்டைவிட ஒரு மாடி உயரமாகவே நின்றது.

இப்படிப்பட்ட கடன்களைப் பார்த்துக்கொண்டிருக்க வங்கிக்கு மனம் பொறுக்கவில்லை. ஆகவே அவற்றை 'ப்ளிட் ஓவகாங்' என்ற நிறுவனத்திடம் ஒப்படைத்தது. டேனிஷ் மொழியில் அதற்கு மென்மையான கடப்பு என்று பொருள். யார் எதைக் கடக்கிறார்கள் என்பது பெயரில் இல்லை.

வாங்குவதற்கு ஆளைத் தேவராசாவே பிடித்துவிட்டார். அஷ்வின், வைஷாலி என்று சென்னையிலிருந்து வந்த இளம் தம்பதி. இருவரும் கணினிப் பொறியாளர்கள். கடனுக்குக் குறைந்த விலைதான், ஆனால் நிறுவனம் அதை ஏற்று மிச்சக் கடனை மன்னிப்பதாகச் சொன்னது. மேல்வீட்டில் அஷ்வின் குடும்பம் இருக்கும். கீழ்த்தளத்தைத் தேவராசாவுக்கும் கமலாதேவிக்கும் வாடகைக்குத் தருவதாக அஷ்வின் வாக்குக் கொடுத்திருந்தான். வீடு போகும், ஆனால் வாசல் மாறாது. கமலாதேவி கறிவேப்பிலைச் சாடியைக் கீழ்த்தளத்து யன்னலுக்கு இறக்கி, அது அங்கே பிழைக்குமா என்று பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் பெர்னில்லே அலுவலகத்துக்குக் கூப்பிட்டாள்.

பெர்னில்லே நிறுவனத்தின் ஆலோசகர். வெள்ளைச் சப்பாத்து, தளர்ந்த கம்பளிச் சட்டை, மிகவும் நல்ல முகம். மேசையில் கேக்கும், கேக்கைச் சுற்றிக் குட்டி டேனிஷ் கொடிகளும் இருந்தன. யாருக்கோ பிறந்தநாள் என்று தேவராசா நினைத்தார்.

"வாழ்த்துகள், டேவா," என்றாள். "உங்கள் வாங்குபவரை ஏற்றுக்கொள்கிறோம். விலையையும் ஏற்றுக்கொள்கிறோம். எல்லோரும் ஏற்றுக்கொண்டுவிட்டதால், வீடு இனி இணைய ஏலத்துக்குப் போகலாம்."

தேவராசா தன் தொழிற்சாலை டேனிஷில் சொன்னார்: "வாங்க ஆள் இருக்கிறார். விலை சரி. நீங்களும் சரி என்றீர்கள். ஏன் ஏலம்?"

"விலை சரிதானா என்று பார்க்க வேண்டாமா?"

"ஏலத்தில் கூடினால்?"

"நீங்கள் சொன்ன விலை பிழை என்று தெரியும்."

"குறைந்தால்?"

"அப்போதும் பிழை என்று தெரியும்."

"அதே விலைக்குப் போனால்?"

பெர்னில்லே நேர்மையாக யோசித்தாள். "அப்படி இதுவரை நடந்ததில்லை," என்றாள்.

பிறகு அவள் விளக்கினாள். நீதிமன்றம் போடுவது கட்டாய ஏலம். அது பழைய காலத்துக் கொடுமை. நிறுவனம் செய்வது மனமுவந்த ஏலம். வித்தியாசம் என்ன என்று தேவராசா கேட்டார்.

"மனமுவந்த ஏலத்தில் கேக் உண்டு," என்றாள் பெர்னில்லே. அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு மனமுவக்காவிட்டால்?"

"கட்டாய ஏலத்துக்கு அனுப்புவோம். நாங்கள் யாரையும் வற்புறுத்துவதே இல்லை."

தேவராசா கைபேசியை எடுத்து, தன் மனம் உவந்ததாக மின்கையொப்பம் வைத்தார். பெர்னில்லேயின் கண்கள் கலங்கின. "முன்பெல்லாம் உங்களைப் போன்றவர்களைக் கடனாளி என்றார்கள்," என்றாள். "எனக்கு அந்தச் சொல்லே ஆகாது. கடனாளிக்கு வெட்கம் வரும். வெட்கப்படுகிறவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். நாங்கள் வீட்டுப் பயணி என்கிறோம். பயணி உடனே எடுத்துவிடுகிறார். அந்த ஒரு சொல்லை மாற்றியதில் எங்கள் வசூல் எவ்வளவு ஏறியது என்று உங்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். மனிதனை மதித்தால் அவன் தருகிறான், டேவா."

இன்னொரு நல்ல செய்தியும் இருந்தது. ஏலத்தில் வீடு தனிமையாக உணரக் கூடாது என்பதற்காக நீல்ஸ் என்பவன் உடன் நின்று விலை கேட்பான். நீல்ஸ் மனிதன் அல்ல, மென்பொருள். அவன் எதையும் வாங்க மாட்டான். மற்றவர்களை வாங்க விரும்பச் செய்வான்.

"அது பொய் இல்லையா?"

"இல்லை. விதிகளின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறோம்."

முடிவில் எல்லோரும் எழுந்து, வசந்தத்தில் வீட்டுக் கதவைத் திறந்து வைப்பது பற்றி ஒரு பாட்டுப் பாடினார்கள். அந்த அலுவலகத்தில் கூட்டம் முடிந்தால் பாடுவது வழக்கம். தேவராசாவுக்குத் தெரிந்த ஒரே டேனிஷ் பாட்டு பிறந்தநாள் பாட்டு. அதற்கான வாயசைவைக் கொடுத்துவிட்டு மிச்சக் கேக்கைக் கமலாதேவிக்குக் கட்டிக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் படம் பிடிக்க ஓர் இளைஞன் வந்தான். வீடு முழுக்க நடந்துவிட்டு, "ஆளுமை அதிகமாக இருக்கிறது," என்று கவலையோடு சொன்னான். பிள்ளையின் பட்டமளிப்புப் படம், தையல் இயந்திரம், கதவில் கட்டிய மாவிலை எல்லாம் ஆளுமை. கடைசியாகச் சாமி அறைக்குள் போனான். பிறகு கையுறை போட்டுக்கொண்டு, முருகனையும் பிள்ளையாரையும் மரியாதையாக ஒரு பெட்டியில் அடுக்கிச் சூடேற்றியின் பக்கத்தில் வைத்தான். சாமித் தட்டில் வைன் போத்தல்கள் ஏறின. அவற்றுக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய எலுமிச்சம்பழம்.

"சாமியை இறக்கிப்போட்டுத் தேசிக்காய் வைக்கிறான்," என்றாள் கமலாதேவி. "இவன் ஆருக்குச் செய்வினை செய்யிறான்?"

"விக்கிறதுக்காம்."

"தேசிக்காயையோ?"

போகும்போது அவன் சமையலறையில் ஒரு குப்பியிலிருந்து எதையோ தெளித்தான். வீடெல்லாம் அப்போதுதான் சுட்ட பாண் ரொட்டியின் மணம் வந்தது. ஏலம் முடியும்வரை இந்த மணம் கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், சமைக்க வேண்டாம் என்றான். அன்று முதல் அவர்கள் தங்கள் வீட்டு வாசலில் நிறுத்திய காருக்குள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பாண் மணக்கும் வீட்டைப் பார்த்துக்கொண்டு சோறு தின்பது கமலாதேவிக்கு இரண்டு நாளில் பழகிவிட்டது. தேவராசாவுக்குப் பழகவில்லை.

சோறு வந்தது சிறீஸ்கந்தராசா வீட்டிலிருந்து.

சிறி அண்ணை மூன்று தெரு தள்ளி, அதே அச்சு வீடொன்றில் இருந்தார். நகரப் பேருந்து ஓட்டினார். மகளின் கலியாணத்துக்காகத் தன் வீட்டின் மேல் மறுபடி கடன் எடுத்து, அதைச் சத்தமில்லாமல் கட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த ஜட்லாந்துப் பகுதித் தமிழர் அவரை அறிந்தது வேறு விதத்தில். கோயில் திருவிழாவின் கடைசி நாளில், கூடாரத்தில் மேசைமேல் ஏறி நின்று ஏலம் கூறுகிறவர் அவர்தான். அம்மனுக்குச் சாத்திய சீலை, அன்னாசி, சூலத்தில் குத்திய எலுமிச்சம்பழம் எல்லாம் ஏலத்துக்கு வரும். அந்தப் பழம் யாருக்கும் தேவையில்லை. ஆனாலும் ஒருவர் கேட்டதை இன்னொருவர் கேளாமல் விடுவது அம்மனுக்கு அவமானம். ஆகவே விலை ஏறும். ஒரு பழம் ஒரு மாதச் சம்பளத்துக்குப் போன வருடமும் உண்டு. எடுத்தவர் அடுத்த திருவிழாவுக்குள் மெல்ல மெல்லக் கட்டுவார். கட்டாதவரிடம் சிறி அண்ணை கேட்டதில்லை. அவர்கள் அறிந்த ஏலம் இது ஒன்றுதான்.

"தமிழன்ர வீடு ஒண்டு ஏலத்துக்கு வருகுது," என்றார் சிறி அண்ணை, சோற்றுப் பாத்திரத்தைக் கார் யன்னலால் நீட்டிக்கொண்டே. "கேக்க ஆளில்லாமல் கிடந்தால் ஆருக்கடா வெக்கம்? அம்மன்ர தேசிக்காய்க்கு அவ்வளவு கேட்ட சனம், தேவன்ர வீட்டுக்குக் கேளாதோ?"

"அண்ணை, அஷ்வின் தம்பிதான் எடுக்கவேணும். அவர்தான் எங்களுக்குக் கீழ்வீடு தாறவர்."

"எடுக்கட்டும், ஆர் வேண்டாமெண்டது? கடைசியில அவருக்குத்தான் விடுவம். அதுக்கு முன்னம் கொஞ்சம் ஏத்தி, மரியாதையாய்க் குடுப்பம். சும்மா தூக்கிக் குடுக்க இதென்ன பழைய சைக்கிளோ?"

கமலாதேவி முன்னிருக்கையிலிருந்து திரும்பினாள். "அண்ணை, இது கோயில் இல்லை."

"அதுதான் பிள்ளை நானும் சொல்லுறன். கோயில் இல்லை எண்டாப்போல மரியாதை இல்லாமல் போகலாமோ?"

தொழிற்சாலை போனபின் தனக்காக யாரும் இவ்வளவு மெனக்கெட்டுத் தேவராசா பார்த்ததில்லை. "ஓம் அண்ணை," என்றார்.

ஏலம் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகலில் நடந்தது. சிறி அண்ணையின் வரவேற்பறையில் கலியாண வீடு மாதிரிச் சனம். சுடச்சுட ரோல்சும் தேத்தண்ணியும் போய்வந்தன. சுவரில் பெரிய தொலைக்காட்சியில் தேவராசாவின் வீடு, எலுமிச்சம்பழங்களோடு, தேவராசாவுக்கே அடையாளம் தெரியாதபடி பளிச்சென்று நின்றது. விலை கேட்கிறவர்களுக்கு நிறுவனமே ஒரு மிருகத்தின் பெயரைச் சூட்டிவிடும். யார் எவர் என்று ஒருவருக்கொருவர் தெரியாது. சாம்பல் முயல் என்ற பெயர் தனக்குக் கிடைத்ததில் சிறி அண்ணைக்குக் கொஞ்சம் மனவருத்தம்.

முதல் அரை மணித்தியாலம் சந்தோஷமாகப் போனது. நீல வாத்து கேட்டது. பச்சை ஆமை கேட்டது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் அறையில் கை தட்டினார்கள். ஓல்போர்க்கிலிருந்தும் கேட்கிறார்கள் என்று யாரோ பெருமையோடு அறிவித்தார். பேசிய விலை வந்தது, கடந்தது. அதற்கு மேல் ஒரு புதுச் சமையலறையின் விலையளவு ஏறியது. பிறகு ஒரு காரின் விலை.

தேவராசாவின் கைபேசி அடித்தது. அஷ்வின்.

"அங்கிள், யாரோ ஏத்திக்கிட்டே இருக்காங்க. நான் ரெண்டு தடவை கூடப் போட்டுட்டேன். பேங்க் லிமிட் இதோட முடிஞ்சுது. உங்களுக்கு யாருன்னு தெரியுமா அங்கிள்?"

தேவராசா அறையைப் பார்த்தார். யாருடைய வாயிலும் ரோல்ஸ், யாருடைய கையிலும் கைபேசி.

"பொறுங்கோ தம்பி," என்றார். பிறகு எழுந்து நின்று கத்தினார்: "நிப்பாட்டுங்கோ! அந்தப் பிள்ளைக்குக் காசு காணாதாம்! நிப்பாட்டுங்கோ!"

எல்லோரும் நிறுத்தினார்கள். நல்ல சனங்கள், சொன்னதும் நிறுத்தினார்கள். ஆமையும் வாத்தும் அடங்கின. திரையில் கடிகாரம் ஓடி முடியப் பார்த்தது. அப்போது மஞ்சள் எருது என்ற ஒன்று விலையை ஏற்றியது.

"ஆரது?" என்றார் சிறி அண்ணை.

எல்லோரும் கைபேசியைத் தூக்கிக் காட்டினார்கள். யாரும் இல்லை.

"நீல்ஸ்," என்றார் தேவராசா. "அண்ணை, அது நீல்ஸ். அது ஆளில்லை, அது சும்மா..."

"நீல்ஸோ? வெள்ளைக்காரனோ?" சிறி அண்ணையின் காதில் மிச்சம் ஏறவில்லை. "இவ்வளவு சனம் கேட்ட வீட்டை ஆரோ ஒரு நீல்ஸ் வந்து தட்டிக்கொண்டு போறதோ? உன்ர வீட்டை? நானிருக்க?"

"அண்ணை, வேண்டாம்!"

சாம்பல் முயல் ஏற்றியது. மஞ்சள் எருது ஏற்றியது. முயல் ஏற்றியது. எருது ஏற்றியது. சிறி அண்ணையின் கழுத்து நரம்பு புடைத்தது. கூடாரத்தில் மேசைமேல் நிற்கும்போது வருகிற முகம் அவருக்கு வந்திருந்தது. தேவராசா அவர் கையைப் பிடிக்க எட்டினார். பெருவிரல் முந்திக்கொண்டது.

எருது அடங்கியது. கடிகாரம் நின்றது. திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. *வாழ்த்துகள், சாம்பல் முயலே! இந்த வீடு உங்களுடையது.*

யாரோ பழக்கத்தில் "அரோகரா!" என்றார். பாதிப் பேர் சேர்ந்து சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

கமலாதேவி அடுப்படியிலிருந்து, கையில் எண்ணெய்க் கரண்டியோடு, வெளியே வந்தாள். சிறி அண்ணை அவளைப் பார்க்காமல் தேவராசாவிடம் மெதுவாகக் கேட்டார்: "அடுத்த திருவிழாவுக்குள்ள கட்டினால் காணும்தானே?"

இம்முறை மேசையில் இரண்டு கேக் இருந்தன. கொடிகளும் கூட. பெர்னில்லே தேவராசாவையும் சிறி அண்ணையையும் கட்டிப்பிடித்து வரவேற்றாள்.

"சிறி, உங்களிடம் அந்தப் பணம் இல்லை," என்றாள் கனிவாக. "பரவாயில்லை. பணமில்லாமல் வருகிறவர்களை நாங்கள் ஒருபோதும் திருப்பி அனுப்புவதில்லை. வீடு மறுபடி ஏலத்துக்கு வரும். நீங்கள் கேட்ட விலையிலிருந்து எவ்வளவு இறங்குகிறதோ அதை மட்டும் நீங்கள் தந்தால் போதும். உங்கள் வீட்டுக் கடனையும் உங்கள் வங்கியிடமிருந்து வாங்கிவிட்டோம். நீங்கள் இனி எங்கள் பயணி."

சிறி அண்ணை கேக்கைப் பார்த்தார்.

"எனக்கு மிச்சக் கடனை மன்னிப்பதாகச் சொன்னீர்கள்," என்றார் தேவராசா.

"சொன்னோம். அப்போது உங்கள் வீடு மதிப்புக் குறைந்தது. இப்போது சந்தை பேசிவிட்டது, டேவா. இவ்வளவு மதிப்புள்ள வீட்டை வைத்திருப்பவருக்குக் கடனை மன்னித்தால், உண்மையான ஏழைகளின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?"

"அந்த விலைக்கு வாங்க ஆளில்லையே."

"ஆள் இருக்கிறார். இதோ உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பணம்தான் இல்லை. பணமில்லாதது அவர் விஷயம். மதிப்பு உங்கள் விஷயம்."

"அஷ்வின் பழைய விலைக்கு எடுப்பார். இப்போதும் எடுப்பார். கேட்டுவிட்டுத்தான் வந்தேன்."

பெர்னில்லே உண்மையிலேயே நொந்துபோனாள். "மதிப்பைவிடக் குறைத்து விற்க உங்களை விட்டால் அது உங்களுக்கு நான் செய்யும் துரோகம் இல்லையா?"

"அப்ப... பிறகு குறைய விலைக்குப் போனால், அந்த மிச்சம்?" என்றார் தேவராசா.

"அதை இருவரிடமும் கேட்போம். ஒருவரிடம் மட்டும் கேட்டால் பாரபட்சமாகிவிடும்." அவள் எழுந்து பாட்டுத் தாள்களைக் கொடுத்தாள். "ஒன்று சொல்ல வேண்டும். டேனிஷ்காரர்கள் தனித்தனியாக வீடு இழக்கிறார்கள். மூடிய கதவுக்குப் பின்னால், யாருக்கும் சொல்லாமல். எங்களுக்கு ஒவ்வொருவராகத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. உங்களிடம் இருக்கிற ஒற்றுமை என்னை அழவைத்துவிட்டது. ஒரே பகலில் இரண்டு வீடு! உங்கள் சமூகத்தோடு இன்னும் நெருங்கிப் பழக எங்கள் இயக்குநர் ஆசைப்படுகிறார்."

பாடினார்கள். தேவராசாவுக்கு இம்முறை ராகம் பிடிபட்டிருந்தது.

மறு ஏலத்தன்று வைலேயிலும் பிரெடெரிசியாவிலும் ஓல்போர்க்கிலும் தமிழர்கள் கைபேசிகளை அணைத்துவிட்டு இருந்தார்கள். அஷ்வின் மட்டும் கேட்கப் போனான்; முதல் ஏலத்தில் எல்லை வரை ஏற்றிப் பின்வாங்கியவர், கவலைக்குரிய நடத்தை காரணமாக அதே வீட்டுக்கு மறுபடி கேட்க முடியாது என்று திரை சொன்னது. தனியாக நின்ற நீல்ஸுக்குத் துணையாக நிறுவனத்தின் தங்கை நிறுவனம் ஒன்று வந்து, அஷ்வின் சொன்ன விலையில் பாதிக்கு வீட்டை எடுத்துக்கொண்டது. வீட்டுத் திறப்புக் கொத்தை வாங்க வந்தவன் கமலாதேவியிடம் ஒரு சிறு பலகையை நீட்டினான். அதில் சிரிக்கும் முகம், சிரியாத முகம், அழும் முகம் மூன்றும் இருந்தன. அனுபவம் எப்படி என்று ஒன்றைத் தொட வேண்டும். அழும் முகம் வேலை செய்யவில்லை. கமலாதேவி பலகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கறிவேப்பிலைச் சாடியைத் தூக்கிக்கொண்டாள்.

விலை இறங்கிய மிச்சத்தைக் கட்ட வழியில்லாத சிறி அண்ணையின் வீடு அடுத்ததாகப் படம் பிடிக்கப்பட்டது. அதே இளைஞன். அதே கிண்ணம். பழங்கள் மட்டும் புதியவை. வீட்டைத் திரையில் பார்த்தவர்கள் ஒருவரும் மூச்சு விடவில்லை. மகளின் கலியாணத்துக்கு வந்து இரண்டு பந்தி சாப்பிட்டவர்களும் விடவில்லை. அவர்களுக்கு இப்போது ஏலம் என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. ஆரம்ப விலைக்கு, ஒரேயொருவர் கேட்டு, அந்த வீடு போனது.

கேட்டவன் அஷ்வின். வங்கி அனுமதி கையில் சும்மா கிடந்தது. வைஷாலிக்கு ஏழாம் மாதம். வேறு என்ன செய்வான்?

அவர்கள் குடிவந்த வாரத்தில், ஒரு சனிக்கிழமை காலை, தேவராசாவும் கமலாதேவியும் அந்த வாசலில் போய் நின்றார்கள். ஒருவர் கையில் சாமிப் படப் பெட்டி, மற்றவர் கையில் சாடி. அதே அச்சு வீடு, அதே கீழ்த்தளம், அதே தனி வாசல். கதவு திறந்தபோது உள்ளே நாற்காலியில் சிறி அண்ணை ஏற்கனவே உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.



"அங்கிள்... ரெண்டு பேருமே வந்துட்டீங்க," என்றான் அஷ்வின். அவன் முகம் சிவந்திருந்தது.

"தம்பி, இது நான் இருந்த வீடு," என்றார் சிறி அண்ணை. "கீழ்வீட்டுக்கு ஓடு பதிச்சதே நான்தான்."

"தம்பி எனக்கெல்லோ வாக்குத் தந்தவர்," என்றார் தேவராசா.

"அது உன்ர வீட்டுக்குத் தந்த வாக்கு."

"என்ர வீட்டை ஆரண்ணை இல்லாமல் பண்ணினது?"

சிறி அண்ணையின் மனைவி விசும்பினாள். கமலாதேவி அவளுக்குத் தேத்தண்ணிக் கோப்பையை நகர்த்தி வைத்தாள். ஆனால் சாடியைக் கீழே வைக்கவில்லை.

வைஷாலி வயிற்றைத் தாங்கியபடி மெல்ல வந்து உட்கார்ந்தாள். "அங்கிள், ஆன்ட்டி, யாருக்கும் மனசு கஷ்டமாகக் கூடாது. நாங்க ஒருத்தர் பக்கம் நின்னா இன்னொருத்தருக்கு வருத்தமா இருக்கும். ஃபேரா பண்ணிடலாம். யார் வாடகை கூடத் தர்றீங்களோ அவங்களுக்கே. ரெண்டு பேரும் இஷ்டப்பட்டாதான்."

மேசையில் அந்த இளைஞன் எடுத்துப்போக மறந்த கண்ணாடிக் கிண்ணம் இருந்தது. பழங்கள் சுருங்கத் தொடங்கியிருந்தன.

தேவராசா அதைப் பார்த்துக்கொண்டு ஒரு தொகை சொன்னார். சிறி அண்ணை அதற்கு மேல் சொன்னார். தேவராசா ஏற்றினார். சிறி அண்ணை மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஏற்றினார். தேவராசா கமலாதேவியைப் பார்த்தார். அவள் இரட்டை முறை வேலையின் மேல் மூன்றாவதாக ஒன்றை மனதுக்குள் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தாள். அவர் ஏற்றினார்.

சிறி அண்ணையிடம் ஏற்ற ஒன்றும் இருக்கவில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். ஏலத்தை முடித்து வைக்க ஒருவர் வேண்டும். அந்த அறையில் ஏலம் கூறத் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார்.

சிறீஸ்கந்தராசா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒருதரம்," என்றார்.